போன மாதம் என்பது எந்த மாதம்?

எங்கள் வீட்டில் ஆடிப்பெருக்கு கிடையாது. காவிரிக் கரையில் வேர்விட்ட குடும்பத்துக்கு இது கொஞ்சம் விநோதமான விஷயம்தான். மாயவரத்தில் அன்றைக்குத் தெருவே ஆற்றங்கரைக்குப் போகும். பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர்வீட்டு மாமி புளியோதரை, தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று வகைக்கொரு தூக்கில் அடைத்துக்கொண்டு கிளம்புவார். எங்கள் வீட்டில் மட்டும் வழக்கமான சாம்பார், ரசம். காரணம் கேட்டால் பாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்: "பெரிய தாத்தா மலேயாவுல தவறிப்போன நாள்டா அது."

பண்டிகை நாளில் சாவு விழுந்தால் அந்தப் பண்டிகை அந்த வீட்டுக்கு நின்றுபோகும். பிறகு என்றைக்காவது அதே நாளில் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கவேண்டும், அல்லது தொழுவத்தில் கன்றாவது பிறக்கவேண்டும். அப்போதுதான் மறுபடியும் தொடங்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் யாரும் ஆடிப் பதினெட்டில் பிறக்கவில்லை. மாடுகளும் ஒத்துழைக்கவில்லை. இப்படியே எண்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சென்ற ஆண்டு... என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். இந்தக் கட்டுரையை நீங்கள் எப்போது படிக்கப்போகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதமாக இருக்கலாம், பத்து வருஷம் கழித்தும் இருக்கலாம். ஆகவே திருத்திக்கொள்கிறேன்: 2024-ஆம் ஆண்டு, எண்பதைத் தாண்டிய என் அத்தை ஒரு பழைய தகரப்பெட்டியை ஒழித்தபோது, பெரிய தாத்தாவின் மரணத்தைத் தெரிவித்த கடிதம் கிடைத்தது. அத்தையின் பேரன் அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவைத்தான். நியூஜெர்சியில், ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.

பெரிய தாத்தா கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். மலேயாவில் தோட்டக் கணக்கப்பிள்ளையைக் கிராணி என்றுதான் சொல்வார்கள். கடிதம் தோட்ட அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. தட்டச்சில் நாலே வரி. வருஷத்தின் கடைசி இலக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டதால் 1930-களில் ஏதோ ஒரு வருஷம் என்பது மட்டும் தெரிகிறது. ஆனால் நாளும் மாதமும் தெளிவாக இருக்கின்றன: ஆகஸ்ட் 11. உள்ளே இருக்கும் செய்தி: உங்கள் சகோதரர் '2-ஆம் தேதி அல்டிமோ' அன்று தோட்ட மருத்துவமனையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார், விலாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டது, வருந்துகிறோம்.

அல்டிமோ. என் பெண் எட்டிப் பார்த்து, "அல்டிமேட்லி என்று எழுத வந்து பாதியில் விட்டுட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குள்தான் ஒரு மாதம் முழுவதும் இருந்தது.

பழைய ஆங்கிலக் கடிதங்களில் மூன்று லத்தீன் வார்த்தைகள் ஒன்றுக்கொன்று துணையாக வரும். இன்ஸ்டன்ட் என்றால் நடப்பு மாதம். அல்டிமோ என்றால் அதற்கு முந்தைய மாதம். பிராக்ஸிமோ என்றால் வரும் மாதம். 'அல்டிமோ மென்ஸே', அதாவது 'கடைசியாகக் கழிந்த மாதத்தில்' என்ற லத்தீன் தொடரில் மாதத்தைக் குறிக்கும் 'மென்ஸே' தேய்ந்து உதிர்ந்துபோய், அடைமொழி மட்டும் மிஞ்சியது. மற்ற இரண்டும் அப்படியே. வணிகக் கடிதங்களில் இவற்றையும் இன்னும் சுருக்கி, இன்ஸ்ட், அல்ட், பிராக்ஸ் என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதினார்கள். நமக்கெல்லாம் இன்ஸ்டன்ட் என்றால் காப்பிதான் ஞாபகம் வருகிறது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த என் தாத்தாவின் தலைமுறைக்கு 'ஐந்தாம் தேதி இன்ஸ்டன்ட்' என்பது அன்றாடப் பேச்சு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 11-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் '2-ஆம் தேதி அல்டிமோ' என்றால் ஜூலை 2. அது ஆனி மாதத்தின் நடுப்பகுதி. ஆகஸ்ட் 2 என்று வைத்துக்கொண்டால்தான் அது ஆடிப்பெருக்கில் வந்து விழும், ஏனென்றால் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதியில்தான் வரும். கடிதம் கப்பலேறி வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜூலா போன்ற கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். கடிதம் ஊர் வந்து சேர்ந்தபோது ஆகஸ்ட் முடியப்போகிறது. தாத்தா அப்போது பள்ளிக்கூடப் பையன். ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்திருக்கிறார்கள். அவர் 'இரண்டாம் தேதி' என்று சொன்னார். தெரியாத வார்த்தையை மரியாதையாகத் தாண்டிப் போய்விட்டார். கடிதத்தின் தலையில் ஆகஸ்ட் என்று இருந்ததால் கேட்டவர்கள் ஆகஸ்ட் இரண்டாம் தேதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டு போயிற்று. திதியும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த வார்த்தை அவரை மட்டுமா கவிழ்த்தது? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக்குள் அல்டிமோ என்றே ஒரு பகுதி இருக்கிறது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கேதான். அந்தப் பெயர் வந்த கதை இது. ஜான் ஹாரிஸ் என்பவர் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் மருத்துவர். 1803-இல் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்து, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றப்பத்திரிகையில் சம்பவம் நடந்த தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்டன்ட்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'அல்டிமோ' என்று எழுதிவிட்டார்கள். நடப்பு மாதத்துக் குற்றம் முந்தைய மாதத்துக்குப் போய்விட்டது. குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஹாரிஸ் தப்பித்தார். தம்மைக் காப்பாற்றிய வார்த்தையை மறக்காமல், தமக்குக் கிடைத்த நிலத்துக்கு அல்டிமோ என்றே பெயர் வைத்தார். ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை ஊர்ப் பெயராகி இரண்டு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அவருக்கு அந்த வார்த்தை விடுதலை கொடுத்தது. எங்களிடமிருந்து ஒரு பண்டிகையை எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவிலும் இது புழங்கிய வழக்குதான். ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களிலும், ஆபிரகாம் லிங்கனின் கடிதங்களிலும் இன்ஸ்ட், அல்ட் இரண்டும் சாதாரணமாக வரும். நான் வசிக்கும் எடிசன் நகரம் 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப்பாக இருந்து, பிறகு தாமஸ் எடிசனின் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1876-இல் அவர் மென்லோ பார்க்கில் அமைத்த ஆய்வுக்கூடம் இந்த நகரத்துக்குள்தான் இருந்தது. 1877-இல் ஃபோனோகிராஃப், 1879-இல் மின்விளக்கு என்று உலகத்துக்கே புதுமைகள் கிளம்பிய இடம். பக்கத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் எடிசனின் காகிதங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் காலத்து வணிகக் கடிதங்களைப் புரட்டினால் 'தங்கள் 14-ஆம் தேதி இன்ஸ்ட் கடிதம் கிடைத்தது' என்கிற மாதிரித் தொடக்கம் திரும்பத் திரும்ப வரும். எதிர்காலத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தவர்களும் கடிதத்தில் லத்தீனில்தான் மாதத்தைச் சொன்னார்கள்.

பிறகு ஏன் செத்துப்போனது? முதல் காரணம், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. 'ஜூலை' என்று ஆங்கிலத்தில் எழுத நாலு எழுத்து. 'அல்ட்' என்று எழுத மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும். இரண்டாவது காரணம் கோப்பு. கடிதத்தை வாங்கியவுடன் படித்துப் பதில் போடுகிறவனுக்கு 'போன மாதம்' என்பது போதும். அதே கடிதத்தை மூன்று வருஷம் கழித்துக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கிறவன், முதலில் தலைப்பில் இருக்கும் தேதிக்குப் போய், அங்கிருந்து ஒரு மாதம் பின்னால் எண்ணவேண்டும். ஜனவரிக் கடிதமாக இருந்தால் வருஷத்தையும் ஒன்று குறைக்கவேண்டும். தேதியிருக்கும் மூலை கிழிந்துபோயிருந்தால் அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டில் வணிகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த கையேடுகள், மாதத்தின் பெயரையே எழுதுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தன. அமெரிக்கா முதலில் விட்டது. நம் ஊர் ஆபீஸ்கள் வழக்கம்போல் வெள்ளைக்காரன் விட்டதையும் விடாமல் இன்னும் சில காலம் வைத்திருந்தன.

தமிழிலும் இதற்கு நேரான ஒரு வார்த்தை உண்டு. பழைய பத்திரங்களையும் மனுக்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 'நாளது'. நாளது மாதம் 5-ந் தேதி என்றால் நடப்பு மாதம் ஐந்தாம் தேதி. அப்படியே இன்ஸ்டன்ட். 'நாளது தேதி வரை' என்ற தொடரைப் பத்திர எழுத்தர்கள் கையில் நீங்கள் பார்த்திருக்கலாம். வருஷம், மாதம், நாள் மூன்றுக்கும் ௵, ௴, ௳ என்று ஒற்றைக் குறிகளும், மேற்படிக்கு ௸ என்ற குறியும் நம்மிடம் இருந்தன. அவை இன்று யூனிகோடில் பத்திரமாக இருக்கின்றன. கையில்தான் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் அறுபது வருஷச் சுழற்சி. 'ஆங்கிரஸ வருஷம் தை மாதம்' என்று ஒரு பத்திரம் சொன்னால், அது 1933-ஆம் ஆண்டின் தையா, 1993-ஆம் ஆண்டின் தையா என்பதைக் காகிதத்தின் பழுப்பைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். எழுதினவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. அவர் அந்த வருஷத்துக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டிருந்தார்.

விஷயத்தின் கரு இதுதான் என்று நினைக்கிறேன். நேற்று, போன மாதம், அண்மையில் போன்ற வார்த்தைகளுக்குத் தனியாக அர்த்தமில்லை. சொல்கிறவன் நிற்கும் இடத்தில் ஒரு ஆணி அடித்து, அதில் கட்டிய கயிறு மாதிரி அவை. ஆணி இருக்கும்வரை கயிற்றின் நீளம் தெரியும். ஆணி போய்விட்டால் கயிறு மட்டும் கையில் இருக்கும்.

ஆங்கிலத்தில் இந்தக் கயிறுகள் ஒருகாலத்தில் நிறைய இருந்தன. நேற்று இரவுக்கு 'யெஸ்டர்நைட்' என்று ஒரு தனிச் சொல் இருந்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், ஆதியாகமத்தில் லாபான் பேசும் இடத்தில் அது வருகிறது. ஸ்காட்லாந்தில் நேற்று மாலையை 'யெஸ்ட்ரீன்' என்றார்கள். ராபர்ட் பர்ன்ஸ் கவிதைகளில் அதைப் பார்க்கலாம். ஏழு இரவுகள் சேர்ந்த ஒரு வாரம் 'சென்நைட்'. பதினான்கு இரவுகள் 'ஃபோர்ட்நைட்'. 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பாதிரியார் காலின்ஸ் தம் வருகையைத் தெரிவிக்கும் கடிதத்தில் சென்நைட் உண்டு. பகலை விட்டுவிட்டு ஏன் இரவை எண்ணினார்கள் என்று கேட்டால், அது ஜெர்மானியக் குலங்களின் பழைய பழக்கம். அவர்கள் நாட்களை எண்ணுவதில்லை, இரவுகளையே எண்ணுகிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

இதில் ஃபோர்ட்நைட் பிரிட்டனிலும் இந்தியாவிலும் பிழைத்துக்கொண்டது. 'இந்தியா டுடே' 1975-இல் தொடங்கியபோது ஃபோர்ட்நைட்லி. நாம் மாதமிருமுறை என்போம். அமெரிக்காவில் அந்தச் சொல் ஏறக்குறைய அந்நியமாகிவிட்டது. நான் இங்கே வந்த புதிதில் ஒரு கூட்டத்தில், இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பதற்கு ஃபோர்ட்நைட் என்று சொல்லப்போக, பத்துப் பேரும் கோட்டை, கொத்தளம் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று பார்த்தார்கள். 2017-இல் அதே ஒலியில் ஒரு வீடியோ கேம் வந்த பிறகு பிள்ளைகளுக்கு அது துப்பாக்கி விளையாட்டின் பெயர். அமெரிக்கர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதற்குப் 'பைவீக்லி' என்கிறார்கள். அதற்கு வாரத்துக்கு இருமுறை என்றும் அர்த்தம் உண்டு. சம்பளத் தேதி என்பதால் மட்டுமே யாரும் குழம்புவதில்லை.

நேற்றைக்கு முந்தைய நாளுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது: 'எர்யெஸ்டர்டே'. நாளை மறுநாளுக்கு 'ஓவர்மாரோ'. மைல்ஸ் கவர்டேல் 1535-இல் கொண்டுவந்த ஆங்கில பைபிளில் ஓவர்மாரோ இருக்கிறது. இரண்டும் வேர்பிடிக்காமல் போய்விட்டன. இன்றைக்கு ஆங்கிலக்காரர் முந்தாநாளைச் சொல்ல நான்கு வார்த்தைகளைக் கோத்து 'தி டே பிஃபோர் யெஸ்டர்டே' என்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜெர்மன் மொழியில் 'ஃபோர்கெஸ்டர்ன்' என்று ஒரே சொல், இன்றும் அன்றாடப் புழக்கத்தில்.

முந்தாநாளுக்கு ஆங்கிலத்தில் செய்யப்பட்ட சொற்களில் மிக அபூர்வமானது அமெரிக்க மண்ணில் பிறந்தது. மாசசூசெட்ஸில் இப்ஸ்விச் என்ற குடியிருப்பில் போதகராக இருந்த நதானியேல் வார்டு, செருப்புத் தைப்பவன் பேசுவதுபோல் ஒரு நையாண்டி நூல் எழுதினார். 1647-இல் அது லண்டனில் அச்சானது. அரசியின் புது உடை எப்படி, அரண்மனையில் முந்தாநாள் வந்த நாகரிகம் என்ன என்று விசாரிக்கும் பெண்களை அதில் திட்டுகிறார். அங்கே 'நூடியஸ்டெர்ஷியன்' என்று ஒரு சொல்லைப் போட்டார். 'முந்தாநாளைச் சேர்ந்த' என்று பொருள். லத்தீனில் 'நூடியஸ் டெர்ஷியஸ்' என்றால் 'இப்போது மூன்றாம் நாள்'.

முந்தாநாள் எப்படி மூன்றாம் நாளாகும்? இன்றையும் சேர்த்து எண்ணினால் ஆகும். இன்று ஒன்று, நேற்று இரண்டு, முந்தாநாள் மூன்று. ரோமானியர் கணக்கு அப்படி. நம் கணக்கும் அதுவே. துக்க வீட்டில் பதினாறாம் நாள் எண்ணும்போது இறந்த நாளே முதல் நாள். 'இன்னைக்கு எட்டாம் நாள்' என்று ஊரில் சொன்னால் அடுத்த வாரம் இதே கிழமை. பிரெஞ்சுக்காரரும் ஒரு வாரத்தை எட்டு நாள் என்றும், இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றும் சொல்வார்கள். ஆங்கிலேயரின் ஏழு இரவும் பதினாலு இரவும் வேறு கணக்கு. மலேயாவிலிருந்து வந்த கடிதம் எங்கள் வீட்டில் படிக்கப்பட்டபோது இங்கிலீஷ் மட்டும் குறுக்கே நிற்கவில்லை. காலத்தை எண்ணும் இரண்டு பழக்கங்கள் ஒரே காகிதத்தில் சந்தித்துக்கொண்டன.

பழசு என்று நாம் நினைப்பதெல்லாம் பழசு இல்லை என்பதும் இதில் ஒரு வேடிக்கை. 'யெஸ்டர்இயர்' என்ற சொல்லைப் பாருங்கள். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தது. ஓய்வுபெற்ற எந்த நடிகையும் அவர்களுக்கு யெஸ்டர்இயர் ஹீரோயின்தான். கேட்டால் ஷேக்ஸ்பியர் காலத்துச் சொல்போல் இருக்கும். உண்மையில் அதை உண்டாக்கியவர் டான்டே கேப்ரியல் ரோஸெட்டி, 1870-இல். பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் வியோனின் கவிதை ஒன்றை மொழிபெயர்த்தபோது, 'அந்தான்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஈடாகச் செய்தது. அந்தான் என்றால் மூலப்பொருள் 'போன வருஷம்'. ஆனால் யெஸ்டர்இயர் வந்த வேகத்தில் 'அந்த நாள், அந்தக் காலம்' என்று நெகிழ்ந்துவிட்டது. இன்று அதை வைத்து யாரும் போன வருஷத்தைக் குறிப்பதில்லை.

காலச் சொற்களுக்கு இப்படி வழுக்கிப்போவது பழக்கம். 'தி அதர் டே' என்று அமெரிக்கர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'அதர்' என்றால் இரண்டாவது. ஆகவே அது முதலில் குறித்தது அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மற்றொன்றை: நேற்றை, அல்லது மறுநாளை. இன்றைக்குச் சில நாட்களுக்கு முன்பு என்று பொருள். டெக்ஸாஸில் இருக்கும் என் நண்பர், தம் பக்கத்து வீட்டுப் பெரியவர் 'தி அதர் டே' என்று தொடங்கிச் சொன்ன வெள்ளக் கதை பதினைந்து வருஷத்துக்கு முந்தியது என்று பாதியில்தான் கண்டுபிடித்தாராம். எதிர்காலத்திலும் இதே கதைதான். 'சூன்', 'அனான்', 'பிரசன்ட்லி' மூன்றுமே முதலில் 'உடனே, இந்தக் கணமே' என்று பொருள்பட்டவை. சொன்னவர்கள் யாரும் உடனே செய்யாததால் மூன்றும் 'சற்றுப் பொறுத்து' என்றாகிவிட்டன. நம் 'இதோ வந்துட்டேன்' எந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. குறள் 336-இல், நிலையாமையைப் பேசும் இடத்தில், நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதைச் சொல்ல வள்ளுவர் பயன்படுத்திய சொல் 'நெருநல்'. திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் அது 'நென்னல்' என்று வருகிறது. கன்னடத்தின் நின்னெ, தெலுங்கின் நின்ன, மலையாளத்தின் இன்னலெ எல்லாம் அதன் உறவினர்கள். நம் 'நேற்று'ம் அதே குடும்பம். முந்தாநாள், நாளன்றைக்கு என்ற இரண்டும் ஒற்றைச் சொற்களாக இன்றும் உயிரோடு இருக்கின்றன. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் நாளையும், 'பர்சோ' என்றால் முந்தாநாளும் நாளன்றைக்கும். வினைச்சொல் வந்தால்தான் திசை தெரியும். நமக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

ஆனால் இந்தச் செல்வம் இங்கே கரைவதை நான் என் வீட்டிலேயே பார்க்கிறேன். என் பெண் தமிழ் பேசுவாள், தமிழ்ப் பள்ளிக்கும் போகிறாள். இருந்தும் அவள் வாயில் முந்தாநாள் வராது. "நேத்துக்கு முன்னாடி டே" என்பாள். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லாத இடத்தில், தமிழிலும் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலம் தொலைத்த ஒரு வார்த்தைக்காக நியூஜெர்சியில் ஒரு தமிழ் வார்த்தை தொலைகிறது. அதற்காக ஒரு நாள் முழுக்க "முந்தாநாள் என்ன சாப்பிட்டே? முந்தாநாள் என்ன படிச்சே?" என்று துளைத்தேன். மறுநாள் அவளாகவே, "முந்தாநாள்ல இருந்து நீ இதையேதான் கேக்கறே" என்றாள். ஒரு நாள் கூடிவிட்டது என்றாலும் வார்த்தை வந்துவிட்டது.

அல்டிமோ ஒழிந்தது, நாம் தேறிவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்க முடியவில்லை. பே ஏரியாவில் மென்பொருள் எழுதும் என் தம்பியிடம் இந்தக் கடிதக் கதையைச் சொன்னேன். சிரித்தான். "அதைத்தான் அண்ணா நாங்க தினமும் பண்றோம்" என்றான். கணினிக்குள்ளே நேரம் மிகத் துல்லியமாகத்தான் கிடக்கிறது. யூனிக்ஸ் வழி வந்தவை 1970 ஜனவரி 1-ஆம் தேதியில் ஆணி அடித்து, அங்கிருந்து ஒவ்வொரு நொடியாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஆனால் திரையில் காட்டும்போது, மனிதர்களுக்குப் பிடிக்கும் என்று, 'மூன்று நாட்களுக்கு முன்பு', 'நேற்று' என்று மாற்றிக் காட்டுகிறார்கள். திரை உயிரோடு இருக்கும்வரை அது தானே திருத்திக்கொள்ளும். அதைப் படம்பிடித்து இன்னொருவருக்கு அனுப்பினால், அந்த 'நேற்று' உறைந்துபோகும். பத்து வருஷம் கழித்து யாராவது அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால், அவருக்கு அது எங்கள் வீட்டு அல்டிமோதான். இந்த முறை பூச்சி அரிக்கவேண்டிய அவசியமும் இல்லை, தேதி முதலிலேயே கிடையாது.

இதனால்தான் சொல்கிறேன். பெற்றோர் குரலைப் பதிவு செய்கிறவர்கள், படங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள், ஊர்க் கதை எழுதி வைக்கிறவர்கள் எல்லோரும் 'போன பொங்கலுக்கு', 'சமீபத்தில்' என்று எழுதும் இடத்தில் வருஷத்தையும் ஒரு தரம் போட்டுவிடுங்கள். மாதத்தை எண்ணில் எழுதாதீர்கள், பெயரில் எழுதுங்கள். 7/2 என்றால் இங்கே ஜூலை 2, ஊரில் பிப்ரவரி 7. பேச்சில் முந்தாநாள் இருக்கட்டும், அது அழகு. காகிதத்தில் ஆணியும் இருக்கட்டும்.

அத்தையிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. எண்பது வருஷத்துப் பட்டினியைத் தப்பு என்று சொல்வது எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்து, அல்டிமோ, ஜூலை, ஆனி எல்லாவற்றையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கோடு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்போ ஆனியிலயே போயிட்டாரா" என்றாள். பிறகு, "ஒரு மாசம் இங்க யாருக்குமே தெரியாம கிடந்திருக்கார்டா" என்றாள். நான் பண்டிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் அந்த ஒரு மாதத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் வீணாப் போச்சேன்னு இருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"வீணென்ன? அவரை நெனச்சுண்டுதானே நிறுத்தி வெச்சோம். தேதி தப்பா இருக்கலாம், நெனச்சது தப்பில்லையே" என்றாள். அதற்கப்புறம் ஆனித் திதிக்கு வாத்தியாரிடம் என்ன கேட்கவேண்டும் என்று பேசத் தொடங்கிவிட்டாள்.

2025 ஆடிப் பதினெட்டு அன்று ஊரில் அத்தை சித்ரான்னம் செய்தாள். நாங்கள் இங்கே ஜான்சன் பார்க்கில், ராரிட்டன் ஆற்றங்கரையில், ஒரு மர மேசையில் புளியோதரையும் தேங்காய் சாதமும் பரப்பி உட்கார்ந்தோம். என் பெண் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினாள். அனுப்பும் முன் கீழே ஒரு வரி சேர்த்தாள். எட்டிப் பார்த்தேன். நாள், மாதம், வருஷம், ஊர். மாதம் எழுத்தில் இருந்தது.